ரக்அத் மறந்தவளின் முறையீடு

கீமோ ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் இரத்தம் எடுத்து வெள்ளணுக்களை எண்ணினார்கள். நிறை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், காய்ச்சலா, வயிற்றோட்டமா, வாயில் புண்ணா என்று கேட்டார்கள். எல்லாம் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது. இவளுக்கு நித்திரை வருகிறதா, எதை நினைத்துப் பயப்படுகிறாள், நேற்றுச் சொன்னது இன்றைக்கு ஞாபகம் இருக்கிறதா என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். நாலு பேர் பார்க்கவேண்டிய வேலையைத் தனியாளாய்ப் பார்த்த மிஸ்ஸிமாரும், சாப்பிடவும் நேரமில்லாமல் நின்ற டொக்டர்மாரும்தான் என் உயிரைக் காப்பாற்றியவர்கள். அவர்களுக்கு என் துஆ எப்போதும் உண்டு. அந்தக் கேள்விகளைக் கேட்க அங்கே ஓர் ஆளை வைக்காதவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

நான் கல்முனைக்குடிக்காரி. சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவள். 2020இல் என் இடது மார்பை எடுத்தார்கள். பிறகு கீமோ. அந்தச் சிவப்பு மருந்து மூன்றாவது தடவை ஏறிய கிழமையில், அஸர் தொழுகையில் நின்றுகொண்டு இது மூன்றாவது ரக்அத்தா நாலாவதா என்று தெரியாமல் விறைத்துப் போனேன். மறதிக்கான சுஜூது செய்து முடித்தேன். அடுத்த நாளும் அதே. பிறகு சின்ன வயதில் குர்ஆன் மத்ரஸாவில் பாடமாக்கிய யாஸீன் சூரா பாதியில் அறுந்தது. அடுப்பில் பால் வைத்தது மறந்தது. சொந்த மச்சியின் பெயர் வாய்க்கு வர மறுத்தது.

பள்ளிக்கூடம் திரும்பியபோது இருபடிச் சமன்பாடு ஒன்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அடுத்த வரி தெரியாமல் சோக்குக் கட்டியோடு நின்றேன். முன் வாங்கிலிருந்த பிள்ளை எழும்பி வந்து முடித்துத் தந்தது. பிள்ளை மரியாதையாகத்தான் செய்தது. ஆசிரியர் அறையில்தான் பேச்சு வேறு மாதிரி: "டீச்சருக்கு மருந்து மண்டைக்குள்ள போயிட்டு." கடைசியில் வகுப்பை எடுத்துவிட்டு என்னை நூலகத்தில் உட்கார வைத்தார்கள்.

வீட்டில் உம்மா சபுர் செய்யச் சொன்னா. "ஈமான்ல குறை வந்தா ஷைத்தான் வஸ்வாஸ் போடுவான் மகள்" என்றா மாமி. லெப்பை வந்து தண்ணீர் ஓதித் தந்தார். குடித்தேன். அந்தத் தண்ணீரில் எனக்கு ஆறுதல் இருந்தது, அதை யாரும் இழிவாகப் பேச விடமாட்டேன். ஆனால் அல்லாஹ் தன் வேதத்தை என் நெஞ்சிலிருந்து பிடுங்குகிறான் என்று நம்பி, பாயில் முகத்தைப் புதைத்து அழுத இரவுகளுக்கு யார் பொறுப்பு?

ஏனென்றால் இந்த மறதி மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம். சிகிச்சைக் காலத்தில் நூற்றுக்கு 75 பேர் வரைக்கும் இப்படி ஞாபகமும் கவனமும் குழம்பலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சிகிச்சை முடிந்து மாதங்கள், வருஷங்கள் கழிந்தும் நூற்றுக்கு 35 பேர் வரைக்கும் அது விடாமல் இருக்கலாம். கீமோ மட்டும் காரணமில்லை. நோய், இரத்தச்சோகை, நித்திரையின்மை, திடீரென்று மாதவிடாய் நின்றுபோவது, பயம், மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. முடி கொட்டும் என்று சொன்னார்கள், வாந்தி வரும் என்று சொன்னார்கள். மறதி வரும் என்று சொல்ல அதே ஒரு நிமிஷம் போதாதா? அதைக் கேட்டிருந்தால் மாமிக்குப் பதில் சொல்லியிருப்பேன். அதிபரிடம் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு தவணைக்குச் சின்ன வகுப்பு தாருங்கள் என்று கேட்டிருப்பேன்.

இன்னொரு பயம் இருந்தது. 2020 ஏப்ரலில் அரசாங்கம் வர்த்தமானி போட்டு, கொரோனாவில் மௌத்தானவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. எதிர்ப்புச் சக்தியே இல்லாத உடம்போடு நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தது அந்த மாதங்களில்தான். புற்றுநோயில் மௌத்தாக எனக்குப் பயமில்லை, வாப்பா படுத்திருக்கும் மையவாடியில் ஒரு ஓரம் கிடைக்கும் என்று மனதைத் தேற்றியிருந்தேன். இருமல் வந்தால்தான் நடுங்கினேன். பொசிட்டிவ் என்று எழுதிவிட்டால் குளிப்பாட்டவும் மாட்டார்கள், கபனிடவும் மாட்டார்கள், எரித்துவிடுவார்கள். இதைப் போய் யாரிடம் சொல்வது? 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதித்தார்கள், அதுவும் ஊர் மையவாடியில் இல்லை, ஓட்டமாவடியில் மட்டும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் கேட்டது சரி. உயிரோடு படுத்துக்கொண்டு ஒவ்வொரு இரவும் எரிந்தவர்களை எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது?

ஒரே ஒரு தடவை ஒரு டொக்டர் நின்று கேட்டார், மனசு எப்படி என்று. நல்ல மனுசர். அவர் கேட்டது சிங்களத்தில். எனக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தது என் மகன், பத்தாம் வகுப்புப் பிள்ளை. "உம்மா, மனசு எப்பிடி இரிக்கி எண்டு கேக்கார்." சாகலாம் போல இருக்கிறது என்று பெற்ற பிள்ளையின் வாயால் எந்தத் தாய் சொல்ல வைப்பாள்? "நல்லம் எண்டு சொல்லுங்க மகன்" என்றேன். அவன் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எங்கள் கரையிலிருந்து பெண்கள் மட்டக்களப்புக்குப் போகிறார்கள், கண்டிக்குப் போகிறார்கள், 300 கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் இருந்து மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இரத்தத்தைச் சோதிக்க மொழி வேண்டியதில்லை. மனதைக் கேட்க அவளுடைய மொழி வேண்டும், பிள்ளையும் புருஷனும் பக்கத்தில் இல்லாத ஐந்து நிமிஷம் வேண்டும்.

ஊருக்கும் சொல்கிறேன், பாதி வாயை நீங்கள்தான் கட்டினீர்கள். "ஊட்டில குமர் இரிக்கி, வெளிய சொல்லாதங்க" என்று என் சொந்தக்காரர்களே சொன்னார்கள். மகளுக்குச் சம்பந்தம் வராதாம். அதனால் அது எங்கள் வீட்டில் "அந்த வருத்தம்" ஆனது. பக்கத்து வளவில் இன்னொருத்திக்கும் அதே வருத்தம் என்று அவள் மையத்து வீட்டில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மதில்தான் இடையில். இரண்டு பேரும் பேசியிருக்கலாமே!

மனக்காயம் என்றால் என்னவென்று தெரியாத ஊரா இது? 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். அப்போது முகாம் முகாமாக ஆட்கள் வந்தார்கள், பிள்ளைகளைப் படம் வரையச் சொன்னார்கள், பெண்களை வட்டமாக இருத்திப் பேசவிட்டார்கள். உளவளத்துணை என்ற சொல் எங்கள் வீடுகளுக்குள் வந்ததே அப்படித்தான். அடுத்த வருஷமே நாட்டுக்கு ஒரு மனநலக் கொள்கை எழுதினார்கள். ஒரே நாளில் ஊரே விழுந்தால் மனதுக்கு ஆள் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, ஒவ்வொருத்தியாக விழும்போது மட்டும் கண் தெரியவில்லையா?

ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர் 1977இல் நியூயோர்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் புற்றுநோயாளிகளின் மனதுக்கென்றே ஒரு பிரிவை நடத்தத் தொடங்கிவிட்டார். பிறகு அங்கே காய்ச்சல்மானி மாதிரி ஒரு படம் வந்தது, பூச்சியத்திலிருந்து பத்து வரைக்கும். போன கிழமை எவ்வளவு வேதனை என்று அதில் நோயாளியே ஓர் எண்ணைக் குறிக்கவேண்டும். நாலோ அதற்கு மேலோ என்றால் உட்கார்ந்து பேசுவார்கள். இதற்கு மெஷின் வேண்டாம், டொலர் வேண்டாம். ஒரு கடதாசி, ஒரு பேனை, தமிழ் தெரிந்த ஓர் ஆள். புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொல்கிறார்கள். கிளினிக் வாங்கில் என்னோடு நம்பர் எடுத்துக் காத்திருந்த பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். அதில் யார் அந்த ஆறாவது ஆள்? எல்லோரும்தான் "நல்லம்" என்று சொன்னோம்.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது என்பார்கள். நல்லது, ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களே, அதைக் கிளினிக் சுவரில் பெரிய தமிழ் எழுத்தில் ஒட்டுங்கள். ஆனால் தனக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாதவள் எதைச் சொல்லி அழைப்பாள்? முதலில் அவளிடம் போகவேண்டியது நீங்கள். மறக்கிறது என்று சொன்னால், வயசு போனால் அப்படித்தான் என்று அனுப்பாமல், இரத்தச்சோகையா, தைரொயிட்டா, நித்திரையா, மனச்சோர்வா என்று பாருங்கள். குறித்துவைக்கக் கொப்பி வைத்திரு, ஒரு நேரத்தில் ஒரு வேலை செய், பின்னேரத்தில் கொஞ்சம் நட என்று சொல்லிக் கொடுங்கள். வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு கடிதம் கொடுங்கள்.

மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நற்பிட்டிமுனையிலோ இன்றைக்கும் ஒருத்தி கீமோ ஏற்றிவிட்டு வந்து தொழுகையில் நின்று விரல் மடித்து எண்ணிக்கொண்டிருப்பாள். "இது மருந்தால வாற மறதி மகள், ஒங்கட ஈமானுக்கு ஒண்டும் ஆகல்ல" என்று அவளுக்குச் சொல்ல ஓர் ஆளை இந்தக் கிழமையே நியமியுங்கள். சம்பளம் போடக் காசில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். நான் வந்து சொல்கிறேன்.