புள்ளி விழுந்தால் பட்டாசு மேல் பழியா?

சிவகாசி, விருதுநகர் பக்கம் யாராவது வீட்டுக் குளியலறையில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவி, காய்ந்ததும் நெகட்டிவ்வில் புள்ளி புள்ளியாக இருந்தால், பதில் தயாராக இருக்கிறது. "நம்ம ஊர்க் காத்துல மருந்துத் தூசி. இதெல்லாம் இங்கே சரிப்படாது."

சுத்த அபத்தம். இதே சிவகாசியில்தான் கணினியிலிருந்து நேரடியாகத் தகடு எடுக்கும் முறை வரும்வரை காலண்டருக்கும் தீப்பெட்டி லேபிளுக்கும் இருட்டறையில் பிலிம் கழுவினார்கள். அங்கேயும் புள்ளி விழுந்தது. காற்றைத் திட்டிக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள்? அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் நெகட்டிவ்வை வைத்து, பிரஷ்ஷும் மையுமாக ஊசித்துளிகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள்.

புள்ளியை முதலில் உற்றுப் பாருங்கள். எங்கே பிழை என்று அதுவே சொல்லும். நெகட்டிவ்வில் வட்டமாக, கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் டெவலப்பரில் ஒட்டிய காற்றுக்குமிழி. பிரிண்டில் கறுப்பாக விழும். டெவலப்பர் ஊற்றியதும் டேங்கை இரண்டு தட்டு தட்டியிருந்தால் வந்திருக்காது. ஒழுங்கில்லாத வடிவில், இழை இழையாக இருந்தால் தூசி. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளை வளையமாகத் தெரிந்தால்? அது தண்ணீர் காய்ந்து விட்டுப்போன உப்பு.

விருதுநகர் மாவட்டத்தில் பல ஊர்களின் போர் தண்ணீர் எப்படி என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குடத்தின் உள்ளே, பக்கெட் விளிம்பில் படியும் அதே வெள்ளைக் காரைதான் பிலிமிலும் படிகிறது. குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கத் தெரிந்தவர்களுக்கு இது மட்டும் ஏன் புரியவில்லை?

கழுவுவதெல்லாம் குழாய்த் தண்ணீரிலேயே இருக்கட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் (ஆசிட் அல்ல!) அரை லிட்டர், அதில் வெட்டிங் ஏஜென்ட் சில சொட்டு. ஒரு நிமிடம் ஊறவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத அறையில் தொங்கவிட வேண்டும். விரலால் வழிக்கக் கூடாது. ஏற்கெனவே வளையம் விழுந்த நெகட்டிவ்வையும் மறுபடி ஊறவைத்து இப்படி அலசிப் பார்க்கலாம். பளபளப்பான பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் போய்விடும். மருந்துப் பக்கத்தில் இருந்தால் சில சமயம் தங்கிவிடும்.

இன்னொரு கூட்டம், "புள்ளியும் ஒரு அழகுதான், பழைய படம் மாதிரி இருக்கு" என்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியே விரல் தேய்ந்த ஒரு பாட்டியின் கண்மேல் உப்பு வளையம் விழுந்தால் அதில் என்ன அழகு? அந்த முகத்தை இன்னொரு நாள் எடுக்க முடியுமா? பிலிமும் மலிவில்லை. ஊட்டியில் 'இந்து' பிலிம் செய்த அரசுத் தொழிற்சாலை மூடியாகிவிட்டது. இன்றைக்கு ரோல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது.

அவ்வளவு விலை கொடுத்து ரோல் வாங்குபவர் அரை லிட்டர் தண்ணீருக்குக் கணக்குப் பார்ப்பாராம், பழியை மட்டும் ஊர் சுமக்க வேண்டுமாம். பட்டாசுக்குப் பதில் சொல்லவே இந்த ஊருக்கு ஆயிரம் இருக்கிறது. செய்யாத குற்றத்தையும் அதன் தலையில் கட்டாதீர்கள்.