தாடை வலிக்குக் கத்தி எப்போது?



காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் உருண்டு நகர்கிறதே, அதுதான் தாடை மூட்டு. உள்ளே எலும்புக்கு எலும்பு உரசாமல் இருக்க நாராலான சிறு தட்டு ஒன்று இருக்கிறது. அது விலகினால் ‘டொக்’கென்று சத்தம் கேட்கும், சிலருக்கு வாய் பாதியிலேயே நின்றுவிடும். வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை.

வலி வந்துவிட்டால், சாப்பாடு, பேச்சு, தூக்கம் எல்லாம் கெடும். “ஆபரேஷன் செய்தால் ஒரேயடியாகத் தீருமா?” என்று கேட்கத் தோன்றுவது இயல்புதான். அமெரிக்காவில் வாய் பூட்டிக்கொண்ட 106 பேரை நான்கு பிரிவாக்கி, இரு பிரிவுக்கு அறுவையில்லாத சிகிச்சையும் மற்ற இரண்டுக்கு அறுவை சிகிச்சையும் கொடுத்து ஐந்தாண்டு கவனித்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது: நான்கு பிரிவினருக்கும் வலி குறைந்தது, வாய் திறந்தது, பிரிவுகளுக்கிடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பலன் ஒன்றுதான் என்றால் கத்தியை ஏன் முதலில் எடுக்க வேண்டும்?

அவசரத்தின் விலையும் அங்கே தெரிந்ததுதான். விலகிய தட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தகடு வைக்க 1983-ல் அனுமதி கிடைத்தது. மெல்லும்போது அது துகள்துகளாகத் தேய்ந்து, உடல் அதை எதிர்த்ததில் சுற்றியிருந்த எலும்பே அரித்துப்போனது. 1990 முடிவில் அரசு எச்சரிக்கை விடுத்தது. அதற்குள் பலருக்கு அறுவைமேல் அறுவை.

அதனால், வேண்டாமென்றால் நிறுத்திவிடக்கூடிய சிகிச்சையில் தொடங்குங்கள். சில வாரம் முறுக்கு, சீடை, கரும்பை ஒதுக்கி, குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம் என்று சாப்பிடுங்கள். வெந்நீர் ஒத்தடம், கொட்டாவி வந்தால் முகவாயைத் தாங்குவது, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சி, கவலையில் பல்லைக் கடிக்கும் பழக்கத்தை விடுவது: பெரும்பாலோருக்கு இவ்வளவு போதும். ‘கடி சரியில்லை’ என்று யாராவது நல்ல பற்களை ராவச் சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள். அப்படியும் பூட்டு விடாதவர்களுக்கு, ஊசி வழியே மூட்டைக் கழுவும் முறை இருக்கிறது. 1991 முதல் பழக்கத்தில் உள்ளது.

கத்தியைத் தள்ளிப்போடவே கூடாத இடம் ஒன்று உண்டு. சிறுபிள்ளைகள் முகவாய் அடிபட விழுந்தாலோ, காதில் சீழ் முற்றினாலோ, மூட்டு எலும்பு மண்டையோட்டோடு ஒட்டிக்கொள்ளலாம். வாய் திறக்காது, தாடை வளராது, தூக்கத்தில் மூச்சே திணறும். இதற்குப் பயிற்சியோ மாத்திரையோ உதவாது. ஒட்டிய எலும்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் வெட்டியதோடு முடியாது. பிள்ளை அழுதாலும் தினமும் பலமுறை வாயைத் திறந்து பழக்க வேண்டும், மாதக்கணக்கில். விட்டால் எலும்பு மறுபடி ஒட்டும்.

பிள்ளை விழுந்து முகவாயில் தையல் போட்டிருந்தால், காயம் ஆறியபின் அதன் விரல்கள் மூன்று அதன் வாய்க்குள் மேலும் கீழுமாக நுழைகின்றனவா என்று பாருங்கள். நுழையாவிட்டால், வாய், முக அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அந்த வாரமே கூட்டிச் செல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்