ஒரு பக்க மூலக்கூறு: திருப்பதி ஆய்வகங்கள் முன்னுள்ள வாய்ப்பு

திருப்பதி: ஒற்றைப் பிணைப்பின் சுழற்சி தடைபடுவதால், சில மூலக்கூறுகள் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு வடிவங்களில் அமைகின்றன. இதுவே அச்சுக் கைரல் தன்மை. அமெரிக்காவில் 2021-இல் அனுமதி பெற்ற நுரையீரல் புற்றுநோய் மருந்தான சோட்டோராசிப் இவ்வகையைச் சேர்ந்தது.

இரு வடிவங்களையும் சமமாகக் கலந்து தயாரித்துப் பிரித்தால், தேவையானது பாதி மட்டுமே கிடைக்கும். மீதியை மறுசுழற்சி செய்யாவிட்டால் மூலப்பொருளும் கரைப்பானும் வீணாகும். வினையூக்கியே தேவையான வடிவத்தை உருவாக்கினால் இவ்விழப்பு குறையும். ஜப்பானின் நோயோரி 2001-இல் நோபல் பரிசு பெறக் காரணமான வினையூக்கிகளில் புகழ்பெற்றதும் அச்சுக் கைரல் அமைப்பைக் கொண்டதே.

அன்றைய சித்தூர் மாவட்டத்தில் 2015-இல் தொடங்கிய ஐசர், ஐஐடி ஆகியவை இன்று திருப்பதி மாவட்டத்தின் வேதியியல் ஆய்வு மையங்கள். காப்புரிமை முடிந்த மருந்துகளைக் குறைந்த விலையில் தரும் இந்தியாவுக்கு இத்தகைய அறிவு அவசியம். எனினும், விலையுயர்ந்த வினையூக்கியை மீட்டு மீண்டும் பயன்படுத்தும் வழி கிடைத்தால்தான் ஆய்வகத்தின் வெற்றி ஆலையை எட்டும்.