சங்கிலியை இழுக்க மறுத்த குரங்குகள்

1964-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூல்ஸ் மாசர்மேனும் சகாக்களும் ரீசஸ் குரங்குகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். இன்று யாரும் அனுமதிக்காத கொடூரம் அது. சங்கிலியை இழுத்தால் தீனி விழும். கூடவே கண்ணெதிரே இன்னொரு குரங்குக்கு மின்னதிர்ச்சி பாயும். பெரும்பாலானவை பசியையே தேர்ந்தன. ஒரு குரங்கு 12 நாட்கள் சங்கிலியைத் தொடவே இல்லை. ஏற்கெனவே அதிர்ச்சி வாங்கியவையும், எதிரே இருந்த குரங்கோடு பழகியவையும் கூடுதலாகத் தயங்கின.

இது இரக்கமல்ல, துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காத சுயநலம் என்பார்கள். இருக்கட்டுமே! அடுத்தவர் வலி நம்மை உறுத்துவதில்தானே மனித இரக்கமும் தொடங்குகிறது? அறநூல்கள் பிறகு வந்தவை. சுயநலம் என்ற வாதத்தைவிட வலுவான மறுப்பு தான்சானியாவின் கோம்பே காட்டில் இருக்கிறது. அங்கே 1974 முதல் 1978 வரை ஒரு சிம்பன்சிக் கூட்டம், தன்னிடமிருந்து பிரிந்துபோன கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாகத் தாக்கி அழித்தது. அவை ஒருகாலத்தில் ஒன்றுக்கொன்று பேன் பார்த்தவை. ஆகவே பழக்கம் மட்டும் இரக்கத்தைக் காப்பாற்றிவிடாது. ‘நம்மவர்’ என்ற வட்டத்துக்குள் இருப்பதும் வேண்டியிருக்கிறது. அந்த வட்டத்தைச் சட்டத்தாலும் வழக்கத்தாலும் அகலப்படுத்த முடிவதே மனிதரின் தனித்தன்மை என்பேன். சுருக்கவும் நமக்குத் தெரியும் என்பது வேறு கதை.