பாய் கட்டத் தெரியாத புலமை

“கடலில்லா மதுரைக்குக் கலம் எதற்கு? வைகை மணலிலா பாய் விரிப்பது?” என்று நகையாடுவார் நம்முள்ளேயே உளர். அவர்க்கு முதலில் விடை கூறுவோம்.

மதுரையைத் தொட்டோடும் வைகையின் கழிமுகம் எங்குள்ளது? இராமநாதபுரக் கடற்கரையில், அழகன்குளத்தை அடுத்துள்ளது. 1980களிலிருந்து பலமுறை அகழப்பட்ட அவ்வூரில், பாய்மரக் கப்பலின் உருவம் கீறிய பானையோடு கிடைத்துள்ளது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, மாநகரைப் பாடுமுன் கடலையும் கலத்தையும் பாடுகின்றது. ஆகவே கடல் மதுரைக்கு அயலன்று. நாம்தாம் கடலுக்கு அயலாராயினோம்.

நம் வகுப்பறையில் நடப்பதென்ன? நாவாய், வங்கம், தோணி, அம்பி, புணை என்று மாணாக்கன் ஒப்புவிக்கின்றான், மதிப்பெண்ணும் பெறுகின்றான். புணைக்கும் தோணிக்கும் வேறுபாடு யாதெனக் கேட்டால் விழிக்கின்றான். அவனைக் குறைகூறி என்ன பயன்? கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றையே ஏவல்கொண்டு கலம் செலுத்தினான் என்று வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் பாடினார். அப்பாட்டுக்கு உரை சொல்லும் ஆசிரியருள், காற்றை எதிர்த்துக் கலம் எங்ஙனம் ஏறும் என்பதை அறிந்தார் எத்தனை பேர்?

அஃதொன்றும் மாயமன்று. காற்றின் முகத்துக்கு நேரே எப்பாய்க்கலமும் செல்லாது. சற்றே வலப்புறம் சாய்ந்து ஓடி, பின் பாயை மாற்றி இடப்புறம் சாய்ந்து ஓடி, இவ்வாறு குறுக்குமறுக்காகவே மேலேற வேண்டும். இதைச் சொல்ல இரண்டு வரி போதும்; செய்து பழக ஆண்டுகள் வேண்டும். பாயின் கயிற்றை எப்பொழுது இறுக்குவது, எப்பொழுது தளர்த்துவது என்பதைக் கைதான் கற்கும், ஏடு கற்காது.

கடற்கரைச் சிறுவன் எவ்வாறு கற்றான்? முதலில் நீந்தினான். பின் ஒரு கட்டையைப் பற்றி அலையோடு ஆடினான். பின் துடுப்புப் பிடித்தான். பின் தந்தையுடன் கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவு வரை பாயிற் சென்றான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் காற்றுகளையும், நீவாடு என்னும் நீரோட்டத்தையும் உடம்பால் உணர்ந்தான். அதன் பின்னரே விண்மீன் பார்த்து இரவில் ஓடினான். சிறு கலத்தில் தேறாதவனிடம் பெருங்கலத்தை ஒப்படைக்க எவரும் முன்வாரார். படிப்படியாய்ச் சேரும் இப்பட்டறிவே அவன் பெற்ற பட்டம்.

அப்பட்டம் வழங்கிய பள்ளி இன்று மூடப்பட்டு வருகின்றது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் பெரிதும் மறைந்து, பொறி பூட்டிய நாரிழைப் படகுகள் பெருகின. மீனவர் தம் உழைப்பு குறைவதைக் குறைசொல்லோம். ஆயின் பாய் போனால் பருமலும் போகும், அணியமும் போகும். பொருளொடு சொல்லும் சாகும். கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலேயன் 17 ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்கொண்டான். பிற்காலத்தே இருமேனிக் கலமொன்றுக்கு அதைச் சூட்டினான். நம் பிள்ளைகளோ அதை ‘கேட்டமரான்’ என்று அவனிடமிருந்து திரும்பப் பெறுகின்றனர்! இதனினும் பெரிய இழிவு உண்டோ?

அறையில் அமர்ந்து கலைச்சொல் ஆக்கும் அன்பர்களே! நீங்கள் புதிதாய்ப் படைக்க முயலும் சொற்களுட் பல, பாக்கு நீரிணைக் கரையில் முதியோர் நாவில் இன்னும் உயிரோடுள்ளன. தூயதமிழ் காக்க விரும்புவோர் முதலில் அவர் காலடியில் அமர்க.

மதுரை வண்டியூர்த் தெப்பக்குளம் 1645 இல் திருமலை நாயக்கர் வெட்டியது. ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமுடையது. தைப்பூசத்தன்று அதில் தெப்பம் செல்கின்றது. எவ்வாறு? கரையில் நிற்போர் வடம் பிடித்து இழுக்கின்றனர்! நம் கல்வியின் நிலையும் அதுவே. கரையில் நின்றுகொண்டே கடலை இழுக்கப் பார்க்கின்றோம்.

முன்னோர் அவ்வாறில்லை. 1906 இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய கப்பற் குழுமத்துக்குத் தலைவராயிருந்தவர் யார்? 1901 இல் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவிய பாண்டித்துரையாரே! ஏட்டைக் காத்த அதே கை கப்பலையும் தாங்கிற்று.

ஆதலின் நாம் கேட்பன மூன்று. மதுரைப் பள்ளிதொறும் நீச்சல் கட்டாயமாகுக. ஆண்டுதோறும் கண்மாயிலும் கிணற்றிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் நாட்டில் இது மிகையன்று. நீந்தத் தேறியோர்க்குக் குளத்தில் துடுப்பும், பின் கடற்கரையில் சிறு பாய்க்கலமும் பயிற்றப்படுக. அப்பயிற்சிக்கு ஆசிரியராகக் கடலோடிகளே அமர்த்தப்பட்டு, புலவர்க்குரிய ஊதியமும் மதிப்பும் பெறுக. பயிற்று மொழி அவர்தம் தமிழேயாகுக.

சொல்லை மட்டும் காப்பவன் பிணத்தைக் காக்கின்றான். தொழிலொடு சொல்லைக் காப்பவனே மொழியைக் காக்கின்றான். தமிழ் மாணாக்கனே, எழு! ஏட்டை மூடிவிட்டு ஒருமுறை துடுப்பைப் பிடி. பின்னர் ஏட்டைத் திற. புறநானூறு உனக்குப் புதிதாய் விளங்கும்.