பஜ்ஜி எண்ணெயில் வீட்டிலேயே பயோடீசல்? உண்மையான சிக்கல் இதுதான்!

மயிலாப்பூர் பஜ்ஜிக் கடைகளில் மிஞ்சும் எண்ணெயை வீட்டிலேயே பயோடீசல் ஆக்கலாமா? எண்ணெயோடு மெத்தனாலும், வினையூக்கியாக காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாஷும் சேர்க்கணும்.

எது பெஸ்ட்?

சோடா விலை குறைவு. பொட்டாஷ் மெத்தனாலில் எளிதாகக் கரையும். ஆனால் பலமுறை கொதித்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் அதிகம். அதனால் எதைப் போட்டாலும் சோப்பு உருவாகி, டீசல் குறையும்.

சிக்கல் எங்கே?

வினையூக்கியை விட மெத்தனாலில்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிவாங்கிய அதே விஷம். சட்டென்று தீப்பற்றும். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

அப்போ என்ன வழி?

பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் தயாரிக்க, எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் தொடங்கிய திட்டம் 'ரூகோ'. அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் எண்ணெயைக் கொடுங்க. கிச்சனில் சோதனை வேண்டாம்.