எஞ்சின் எப்போது கொதிக்கிறது?

வெல்லவாயவிலிருந்து எல்ல நகருக்கு ஏறும் வீதியில், இராவணா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில், பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் வேன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அருவியை ரசிக்க நிற்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப்பேர் ரேடியேட்டர் ஆறட்டும் என்று நிற்பவர்கள்தாம். சுமார் 27 கிலோமீற்றர் தூரத்துக்குள் 800 மீற்றருக்கு மேல் ஏறவேண்டிய பாதை அது.

சில வருடங்களுக்கு முன், ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது நானும் அந்த இடத்தில் நின்றேன். பின்னால் பிள்ளைகள், உம்மா, மச்சான் குடும்பம். ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டது. நான் பொனட்டைத் திறந்ததுதான் தாமதம், மச்சான் ஒரு துவாயைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டார். கொதிநீர் பீறிட்டு அவர் முழங்கை வரை வெந்துபோயிற்று. யாரோ பற்பசை பூசச் சொன்னார்கள். பூசினோம். அதுவும் தவறு. ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் கையைப் பிடித்திருக்க வேண்டும். அருவி பக்கத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பிறகு ஒரு கராஜில் வேனை விட்டேன். பார்த்த மாத்திரத்தில் "ரேடியேட்டர் போயிற்று" என்றார்கள். மாற்றினேன். இரண்டு வாரத்தில் ஹப்புத்தளை ஏற்றத்தில் மறுபடியும் அதே கொதிப்பு. கடைசியில் வேறொரு பாஸ், புது ரேடியேட்டரில் பழைய மூடியையே போட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அதன் ரப்பர் வெடித்திருந்தது. புது மூடியின் விலை, நான் ரேடியேட்டருக்குக் கொடுத்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தச் சின்ன மூடியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கடற்கரையில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. உயரம் கூடக் கூட அது குறையும். பண்டாரவளையில் 96 பாகையளவில், ஹப்புத்தளையில் 95 பாகையளவில் கொதித்துவிடும். எஞ்சினோ சாதாரணமாகவே 85, 90 பாகையில் வேலை செய்கிறது. இடையில் உள்ள இடைவெளி ஐந்தாறு பாகைதான். மூடி இறுக்கமாக இருந்து உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் அந்தத் தண்ணீர் 115 பாகை வரை கொதிக்காமல் தாங்கும். ஜப்பான் வாகனங்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பது அந்த அழுத்தத்தின் அளவு. பழுதான மூடியோடு கொழும்பில் ஓடும் வாகனம் ஒருவேளை சமாளிக்கும், நம் ஊவா மலைகளில் அது காட்டிக்கொடுத்துவிடும். மச்சானின் கையை வேகவைத்ததும் இதே சங்கதிதான். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், உள்ளே இருக்கும் நீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பாயும். மேல் ஹோஸை வெறுங்கையால் தயக்கமில்லாமல் பிடிக்க முடிகிற வரை மூடியில் கை வைக்காதீர்கள். முக்கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே நம்மில் பலர் ஓட்டுவது பதினைந்து, இருபது வருடப் பழைய வண்டிகள். இதனால்தான் கராஜுக்குப் போகுமுன் வீட்டில் கொஞ்சம் யோசிக்கச் சொல்கிறேன். முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: எப்போது கொதிக்கிறது?

பதுளை பஸ் நிலையப் பக்கம் நெரிசலில் நிற்கும்போது ஊசி ஏறி, ஹாலி-எல நோக்கி ஓடத் தொடங்கியதும் இறங்குகிறதா? ஃபேனைச் சந்தேகியுங்கள். ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். மின்சார ஃபேன் என்றால் சூடேறியதும் சுழல்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்திய பின்னும் அது திடீரென்று சுழலக்கூடும், ஆகவே பார்ப்பது கண்ணால் மட்டும் இருக்கட்டும்.

ஏற்றத்தில் மட்டும் கொதித்தால் நீர் குறைவு, மூடி, தளர்ந்த பெல்ட், உள்ளே துருவால் அடைபட்ட ரேடியேட்டர், தேய்ந்த வோட்டர் பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். தோட்டப் பாதைகளில் ஓடும் வண்டிகளுக்கு ரேடியேட்டரின் முன் சல்லடையில் புல் விதையும் சேறும் அப்பியிருக்கும். குழாய்த் தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவினாலே சில வண்டிகள் குணமாகிவிடும். இன்னொன்று, ஏற்றத்தில் பெரிய கியரிலேயே திணறத் திணற ஓட்டுவது நம்மவர்களின் பழக்கம். எண்ணெய் மிச்சம் என்று நினைப்பு. ஒரு கியர் குறைத்தால் எஞ்சின் வேகமாகச் சுழன்று பம்பையும் வேகமாகச் சுழற்றும்.

புறப்பட்டுப் பத்து நிமிடத்துக்குள் கொதித்து, மேல் ஹோஸ் சுட்டுக்கொண்டு கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் பெரும்பாலும் தேர்மோஸ்டாட் திறக்கவில்லை. இதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக உண்டு. பண்டாரவளைக் குளிரில் எஞ்சின் சூடாகாமலே ஓடி எரிபொருளைக் குடிக்கும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, கொதிப்பு இன்னும் கூடும். கழற்றியதை நூலில் கட்டி, கொதிக்கவைக்கும் நீரில் அடியில் படாமல் தொங்கவிட்டுப் பாருங்கள், கொதிக்கும் முன்பே திறக்க வேண்டும். சமையலுக்கு எடுக்கும் சட்டியில் வேண்டாம். மனைவியின் கோபத்துக்காகச் சொல்லவில்லை, கூலண்ட் நஞ்சு. இனிப்பாகவும் இருக்கும். பழைய கூலண்டைப் பிள்ளைகளும் பூனையும் நடமாடும் முற்றத்தில் ஊற்றிவிடாதீர்கள்.

நீர் வெளியே கசியாமல் நாளுக்கு நாள் குறைகிறது என்றால்தான் பயப்பட வேண்டும். ஹெட் கெஸ்கட் போயிருக்கலாம். இங்கே நம் குளிர் ஒரு குழப்பம் செய்யும். தியத்தலாவையில் காலையில் எந்த வாகனமும் வெள்ளைப் புகை விடும், ஒயில் மூடியின் அடியில் பால்போல் படிவதும் குறுகிய ஓட்டத்தின் ஈரமாக இருக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பின்னும் வெண்புகை நிற்காமல் வருகிறதா, டிப் ஸ்டிக்கிலும் ஒயில் தேநீர் நிறமாக இருக்கிறதா, குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஒரே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். கெஸ்கட்டோடு முடிய வேண்டிய செலவு, ஓட்ட ஓட்ட ஹெட் வளைந்து எஞ்சின் வரை போகும்.

வழியில் ஊசி ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள். ஆவி வந்தால் உடனே எஞ்சினை அணையுங்கள். சிவப்பில் நின்ற ஊசி திடீரென்று கீழே விழுந்தால் குணமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம், அளக்கும் கருவியைத் தொட நீரே இல்லாமல் போயிருக்கும். கொதித்த எஞ்சினில் ஓடைக் குளிர்நீரை அப்படியே ஊற்றினால் வார்ப்பு வெடிக்கலாம். வுழூவுக்கு என்று போத்தலில் நீர் கொண்டுபோகும் நாம், வண்டிக்கும் இரண்டு போத்தல் வைத்துக்கொள்வது சிரமமில்லை.

என் வேனின் முன் பெட்டியில் இப்போது ஒரு பழைய பயிற்சிக் கொப்பி கிடக்கிறது. எந்த நாள், எந்த ஏற்றம், எத்தனை பேர், எவ்வளவு நீர் ஊற்றினேன் என்று அதில் எழுதுகிறேன். போன தடவை கராஜில் பாஸ் அதை வாங்கி இரண்டு பக்கம் வாசித்தார். பிறகு நேராகக் குனிந்து பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.